நத்தை தேடிய ஆசிரியர்

நத்தைக்கு நம் பேச்சில் நல்ல பெயர் கிடையாது. காலம் தாழ்த்துகின்றவனை நத்தை என்கின்றோம்; அலுவலகத்தில் கோப்புகள் நகரும் விதத்தை நத்தை வேகம் என்கின்றோம். மழை பெய்த மறுநாள் வேலியோரத்தில் ஊர்ந்து செல்லும் அந்தச் சிற்றுயிரைக் குனிந்து பார்ப்பவர் நம்முள் அரியர். அவ்வாறு குனிந்து பார்த்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே நினைவுகூர விழைகின்றோம். அவர் நீலகிரியின் கடுகளவு நத்தைகளை ஆராய்ந்தார். அரியலூரின் கல்லான சங்குகளையும் சிப்பிகளையும் வகைப்படுத்தினார். பத்தாண்டுகள் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றினார். இறுதியில் இந்திய நாட்டின் மழையைக் கணக்கிடும் துறைக்கே முதல் தலைவரானார். அவர் பெயர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு.

பவானியில் வாழும் நமக்கு இந்த ஆங்கிலேயரின் கதை முற்றிலும் அயலானதன்று. நீலகிரியில் பொழியும் தென்மேற்குப் பருவமழைதான் பவானி ஆறாகப் பெருகி, கேரளத்தின் அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் தமிழகத்தில் நுழைந்து, நம் ஊர்க் கூடுதுறையில் காவிரியோடு கலக்கின்றது. கலந்த வெள்ளம் ஈரோட்டையும் கரூரையும் கடந்து திருச்சிராப்பள்ளியை அடைகின்றது. இந்த நீர்வழியின் தலைப்பில் நிற்கும் மலையிலும், அதன் கீழ்ப்பகுதிக்கு வடக்கே விரிந்து கிடக்கும் அரியலூர்ச் சீமையிலும் பிளான்போர்டு தம் இளமைக்காலத்தைச் செலவிட்டார். முதுமையில் அவர் ஆராய்ந்ததோ இந்த ஆற்றுக்கு உயிர் தரும் பருவமழையை.

சுரங்கப் பள்ளியின் இரு சகோதரர்கள்

ஹென்றி 1834-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். அவருடைய தமையன் வில்லியம் தாமஸ் பிளான்போர்டு இரண்டாண்டு மூத்தவர். இருவரும் லண்டனிலிருந்த அரசு சுரங்கப் பள்ளியில் பயின்று, பின்னர் ஜெர்மானிய நாட்டுப் பிரைபெர்க் நகரின் புகழ்பெற்ற சுரங்கக் கல்லூரியிலும் கற்றனர். 1855-இல் இருவரும் ஒன்றாகவே இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியேற்றுக் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அப்போது ஹென்றிக்கு வயது இருபத்தொன்று.

அத்துறையை அன்றைய ஆட்சியாளர் நிறுவியதன் முதல் நோக்கம் அறிவு வளர்ச்சியன்று, நிலக்கரி. இரயில் வண்டிக்கும் நீராவிக் கப்பலுக்கும் எரிபொருள் தேவைப்பட்டது. ஆகவே சகோதரர் இருவரும் முதலில் ஒரிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே நுண்ணிய மண்படிவத்துக்குள் பெரும் பாறை உருண்டைகள் பதிந்து கிடப்பதைக் கண்டு வியந்தனர். ஓடும் நீர் கொண்டுவந்து சேர்த்ததாயின் கனமானவை ஓரிடத்திலும் நுண்ணியவை வேறிடத்திலும் அல்லவா படிந்திருக்க வேண்டும்? பனிக்கட்டிதான் இவற்றைச் சுமந்து வந்திருக்க வேண்டும் என்ற முடிவை, தியோபால்டு என்னும் சக ஆய்வாளரோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்டனர். வெயில் கொளுத்தும் ஒரிசாவில் ஒரு காலத்தில் பனிப்பாறை இருந்தது என்றால் யார் நம்புவர்? ஆயினும், கல் சொன்னதை அவர்கள் மறைக்கவில்லை. பின்வந்த ஆய்வுகள் அவர்கள் பக்கமே நின்றன.

நீலகிரியின் சிறு வீடுகள்

அடுத்து அவர்களது பணி தமிழகத்தில் அமைந்தது. நீலகிரியின் பாறை அமைப்பைப் பற்றி ஹென்றி எழுதிய ஆய்வுரை 1859-இல் வெளிவந்தது. அது அரசு இட்ட பணி. அரசு கேளாத பணி ஒன்றையும் சகோதரர்கள் செய்துகொண்டிருந்தனர். மலைக்காடுகளில் வாழும் நத்தைகளைச் சேகரித்து, அளந்து, ஒப்பிட்டு, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் 1860 முதல் கட்டுரைகளாக எழுதத் தொடங்கினர். இந்திய நத்தையியல் என்னும் துறைக்கு அடித்தளமான எழுத்துகளில் இவையும் சேரும்.

அவற்றுள் ஒரு நத்தையை இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். அதன் ஓடு கடுகளவே. பெரும்பாலான நத்தை ஓடுகள் ஓர் அச்சைச் சுற்றி ஒழுங்காகச் சுருண்டு வளர்ந்து, வாய் கீழ்நோக்கி முடிவதை நாம் அறிவோம். இந்தச் சிறு நத்தையோ வளர்ந்து முடியும் தறுவாயில் தன் போக்கை மாற்றிக்கொள்கின்றது. கடைசிச் சுற்று திரும்பி வளைந்து, வாய் பின்னோக்கி அமைந்துவிடுகின்றது. ‘பின்னோக்கிய வாய்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ‘ஒபிஸ்தொஸ்டோமா’ என்னும் புதிய பேரினப் பெயரைச் சகோதரர்கள் 1860-இல் அதற்கு அளித்தனர். சிற்றினப் பெயரில் நீலகிரியே இடம்பெற்றது. பின்னர் மலேசியாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் இக்குடும்பத்தின் எத்தனையோ இனங்கள் கண்டறியப்பட்டன. நான்கு வெவ்வேறு அச்சுகளைச் சுற்றிச் சுருளும் விந்தையான ஒன்று 2008-இல் அங்கே விவரிக்கப்பட்டபோது உலக அறிவியலார் வியந்தனர். அந்த இனத்துக்கும் இப்பேரினப் பெயரையே இட்டனர். பவானியின் தாய்மலையில் கிடைத்த ஒரு துகள் ஓட்டிலிருந்து பிறந்த பெயர் அது.

மறு ஆண்டு இன்னொரு பேரினத்தையும் அவர்கள் அறிமுகப்படுத்தினர். கூட்டுக்குள் நுழைந்தபின் வாயிலை அடைத்துக்கொள்ள அந்த நத்தைக்கு ஒரு மூடி உண்டு. அது கிண்ணம் போல் குழிந்தது. எனவே ‘கிண்ண மூடி’ என்னும் பொருளில் ‘சயத்தோபோமா’ என்று பெயரிட்டனர்.

இத்தனை சிறிய உயிர்களால் என்ன பயன் என்று நாம் கேட்கலாம். நத்தை மெதுவாகச் செல்வதுதான் அதன் பயன். பறவை ஒரு பள்ளத்தாக்கை நொடியில் கடந்துவிடும். கடுகளவு நத்தையால் அது இயலாது. ஈரமான ஒரு சோலையில் வாழும் நத்தைக்கு அடுத்துள்ள வறண்ட சரிவே கடக்கவொண்ணாக் கடல். எனவே ஒவ்வொரு மலையிலும் அதற்கென்றே உரிய இனங்கள் உருவாகிவிடுகின்றன. ஓடு கட்டுவதற்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. மண்ணில் அது குறைந்த இடத்தில் ஓடு மெலிந்துவிடுகின்றது. இவ்வாறு ஒரு நத்தை ஓடு தான் வாழ்ந்த இடத்தின் மண்ணையும் ஈரத்தையும் பழமையையும் சொல்லுகின்ற சாட்சியாகின்றது. எங்கே எடுத்தது என்ற குறிப்பில்லாத ஓடு குழந்தையின் விளையாட்டுப் பொருள். இடமும் நாளும் எழுதிய சீட்டோடு கூடிய ஓடு ஓர் ஆவணம். இந்த ஒழுக்கத்தைத்தான் பிளான்போர்டு மலைக்காட்டில் கற்றுக்கொண்டார். அவர் வாழ்நாள் முழுவதும் அது அவரைக் கைவிடவில்லை.

ஒன்றையும் நாம் சொல்லாமல் விடலாகாது. அயல்நாட்டார் நம் காடுகளில் ஆராய்ந்தபோது வழிகாட்டியவர், மூட்டை சுமந்தவர், கூடாரம் அடித்தவர் எல்லாரும் இம்மண்ணின் மக்கள். எந்தப் பருவத்தில் எந்தப் புதரடியில் எந்த உயிர் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அறிவியல் இதழ்களின் பக்கங்களில் அவர்கள் பெயர் அரிதாகவே ஏறியது.

அரியலூரின் கல்லான கடல்

1857 முதல் 1860 வரையான காலத்தில் ஹென்றியின் முதன்மைப் பணி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடந்தது. அங்கே மண்ணில் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடப்பது முன்னரே தெரிந்திருந்தது. கே, கன்லிப் என்னும் இரு ஆங்கிலேயர் திரட்டி அனுப்பியவற்றை எட்வர்டு போர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846-இல் லண்டனில் விவரித்திருந்தார். ஆனால் அவை கிடைத்த பாறைகளின் அடுக்குமுறை தெளிவாகவில்லை. எது கீழே, எது மேலே, எது முந்தையது, எது பிந்தையது? பிளான்போர்டு ஊர் ஊராக நடந்து, ஓடைக்கரைகளையும் கிணற்று வெட்டுகளையும் பார்த்து, அப்பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். கீழே ஊட்டத்தூர்த் தொகுதி, நடுவில் திருச்சிராப்பள்ளித் தொகுதி, மேலே அரியலூர்த் தொகுதி. 1862-இல் வெளிவந்த அந்த ஆய்வுரையின் முப்பெரும் பிரிவை இன்றும் நிலவியலார் கையாளுகின்றனர். நம் தமிழ் ஊர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் நிலைபெற்றது இவ்வாறுதான்.

அங்கே கிடைத்தவற்றுள் அம்மோனைட்டுகள் கண்ணைக் கவர்வன. பார்வைக்கு வண்டிச் சக்கரம் அளவுள்ள நத்தை போலிருக்கும் பெரியவையும் அவற்றுள் உண்டு. உண்மையில் அவை கணவாயின் உறவுகள். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உலகிலிருந்து அடியோடு மறைந்தவை. அவற்றின் உறவான நாட்டிலஸ் வகைகளையும் பெலம்னைட்டுகளையும் பற்றிப் பிளான்போர்டு எழுதிய பகுதி 1861-இல் அச்சாகியது. எஞ்சிய பெரும்பணியை, மொராவியாவிலிருந்து வந்த பெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்னும் இளைஞர் ஏற்று, சங்கு, நத்தை வகைகளுக்கென்றே ஒரு பெருந்தொகுதியை 1868-இல் முடித்தார். அவர் 1874-இல் லடாக்கின் பனிமலையில் பயணத்தின்போதே உயிர்நீத்தார்.

கடல் இல்லாத இடத்தில் கடற்சிப்பி எவ்வாறு வந்தது என்ற வினா பழமையானது. கல்லே தானாக அவ்வுருவங்களை விளைவிக்கின்றது என்றவர் உண்டு; நோவா காலத்து வெள்ளம் ஒரே நாளில் கொண்டுவந்து போட்டது என்றவரும் உண்டு. இவ்வினாவுக்குச் சரியான வழியைக் காட்டியவருள் முதன்மையானவர் நம் திருச்சபைக்கு நன்கு தெரிந்தவரே. டென்மார்க்கில் 1638-இல் பிறந்த நிக்கோலஸ் ஸ்டெனோ என்னும் மருத்துவர், பிளாரன்ஸ் நகரில் ஒரு சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது, ‘நாக்குக் கற்கள்’ என்று மக்கள் அழைத்தவை பண்டைய சுறாவின் பற்களே என்று உணர்ந்தார். அடுக்கடுக்கான பாறைகளில் கீழுள்ளது முந்தையது என்னும் விதியை 1669-இல் எழுதினார். கத்தோலிக்கராகி, குருவாகி, 1677-இல் ஆயரும் ஆனார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1988-இல் அவரை அருளாளர் என்று அறிவித்தார். அரியலூர் ஓடைகளில் பிளான்போர்டு கையாண்டது ஸ்டெனோவின் விதியைத்தான்.

வகுப்பறையில் பத்தாண்டுகள்

1862-இல் பிளான்போர்டு நிலவியல் துறையை விட்டு, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1872 வரை அங்கே கற்பித்தார். இந்தியப் பள்ளிகளுக்கென்றே இயற்கைப் புவியியல் பாடநூல் ஒன்றையும், பிற்காலத்தில் இந்தியா, பர்மா, இலங்கை ஆகியவற்றின் புவியியலை விளக்கும் தொடக்கநூல் ஒன்றையும் எழுதினார். மாணவன் தான் மிதித்து நடக்கும் மண்ணையும் தன் தலைமேல் பெய்யும் மழையையும் முதலில் அறியவேண்டும் என்னும் எண்ணம் அம்முயற்சிகளின் பின்னே இருந்ததை நாம் உணர முடிகின்றது.

1875-இல் அவர் எழுதிய வேறொரு கட்டுரை, இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காணும் தொல்லுயிர்ச் சான்றுகளை ஒப்பிட்டு, இரண்டையும் இணைத்த நிலப்பரப்பு ஒன்று பண்டைக்காலத்தில் இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டது. பின்னாளில் நம்மவர் லெமூரியா என்றும் குமரிக்கண்டம் என்றும் ஆர்வத்தோடு பேசியபோது, இத்தகைய அறிவியல் விவாதங்களின் எதிரொலி அதில் இருந்தது. நிலம் கடலில் மூழ்கவில்லை, கண்டங்களே பிரிந்து நகர்ந்தன என்பது இன்றைய விளக்கம். ஆயினும் ஒற்றுமையைச் சரியாகக் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

கல்லூரியை விட்ட பின்னும் அவரிடமிருந்த ஆசிரியர் ஓய்வு பெறவில்லை. 1885-இல் ருசி ராம் சாஹ்னி என்னும் இருபத்திரண்டு வயதுப் பஞ்சாப் இளைஞர் வானிலைத் துறையில் உதவியாளராகச் சேர்ந்தார். துறைத்தலைவராயிருந்த பிளான்போர்டு அந்த இந்திய இளைஞருக்குத் தாமே அமர்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். வெள்ளை அதிகாரியின் முன் இந்திய ஊழியர் கைகட்டி நின்ற காலம் அது என்பதை நாம் மறந்துவிடலாகாது. சாஹ்னி பின்னர் லாகூரில் வேதியியல் ஆசிரியராகி, கடைவீதிகளிலும் சிற்றூர்களிலும் எளிய மக்களுக்குப் பஞ்சாபி மொழியிலேயே அறிவியல் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவருடைய மகன்தான் தொல்தாவர அறிஞர் பீர்பால் சாஹ்னி. லக்னோவில் 1946-இல் தொல்தாவர ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். ஆசிரியர் ஒருவர் விதைத்தது எங்கே முளைக்கும் என்பதை யாரே அறிவர்!

புயலும் பஞ்சமும்

நத்தை ஆராய்ந்தவர் மழைக்கு வந்தது எப்படி? 1864 அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. ஹூக்ளி ஆற்றில் கடல் பொங்கி ஏறிப் பல்லாயிரம் உயிர்களை வாரிக்கொண்டது. அப்புயலின் வழியையும் வேகத்தையும் ஆராய்ந்து அறிக்கை எழுதும் பொறுப்பு, காஸ்ட்ரெல் என்னும் அதிகாரியோடு சேர்த்துப் பிளான்போர்டிடம் ஒப்படைக்கப்பட்டது. சிதறிக்கிடந்த குறிப்புகளைத் திரட்டி, இடமும் நேரமும் பொருத்தி, ஒப்பிட்டு முடிவு காண்பது அவருக்குப் பழகிய வேலையன்றோ? 1867-இல் வங்காள அரசின் வானிலை அறிக்கையாளரானார். 1875-இல் இந்திய வானிலைத் துறை உருவானபோது அதன் முதல் தலைவரானார்.

துறை பிறந்த மறு ஆண்டே தென்னாட்டில் மழை பொய்த்தது. அதுதான் நம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்ட தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நாடு முழுவதிலும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பவானி அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-இல் இருந்ததைவிட 1881 கணக்கெடுப்பில் குறைந்திருந்தது. பத்தாண்டுப் பிறப்புகளையெல்லாம் பஞ்சமும் அதைத் தொடர்ந்த நோய்களும் விழுங்கிவிட்டன.

அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறிய இயலுமா என்று அரசு பிளான்போர்டைக் கேட்டது. அவர் ஆண்டுதோறும் வந்த குறிப்புகளை அடுக்கிப் பார்த்தார். இமயமலையில் வசந்தகாலத்தில் பனி மிகுதியாகவும் நீண்டநாளும் கிடந்தால், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசி, தொடர்ந்து வரும் பருவமழை நலிகின்றது என்று கண்டு 1884-இல் வெளியிட்டார். அதன் அடிப்படையில் சில ஆண்டுகள் சோதனையாகக் கணித்த பின், 1886 ஜூன் 4-ஆம் நாள் இந்தியாவுக்கும் பர்மாவுக்குமான முறையான முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளியானது. இந்திய வானிலைத் துறை இன்று ஆண்டுதோறும் வெளியிடும் முன்னறிவிப்பின் மூதாதை அதுவே. பனிக்கும் மழைக்கும் உள்ள உறவு அவர் எண்ணிய அளவு உறுதியானதன்று என்று பின்னர் தெரிந்தது. அவருக்குப் பின்வந்த கில்பர்ட் வாக்கர், உலகப் பெருங்கடல்களின் மேல் நிலவும் காற்றழுத்தத்தோடு நம் மழைக்குள்ள தொடர்பைத் தேடினார். 1877-இன் கொடிய வறட்சிக்குப் பசிபிக் கடல் வெப்பமுற்றது பெருங்காரணம் என்று இன்று அறிகின்றோம்.

இங்கே நம் மனச்சான்றைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. மழை பொய்த்ததால் மட்டும் அத்தனை மக்கள் மாளவில்லை. பஞ்ச காலத்திலும் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. 1877 புத்தாண்டு நாளில் தில்லியில் பேரரசிப் பட்ட விழா ஆரவாரமாக நடந்தது. அதே ஆண்டில், நிவாரண வேலை செய்த ஆண்மகனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். கல் உடைத்துச் சாலை போட்டவர்களுக்கு அந்த உணவு எம்மூலைக்கு? மேகத்தை அளக்கும் கருவி அரசிடம் இருந்தது. பசித்தவன் வயிற்றை அளக்கும் மனம் இல்லை. பிளான்போர்டின் அறிவியல் முன்னெச்சரிக்கை தரலாம். களஞ்சியத்தின் கதவைத் திறப்பது மனிதரின் கை. அறிவு இரக்கத்தோடு சேராவிட்டால் அது வெறும் பதிவேடாகவே நின்றுவிடும் என்பதை நம் கொங்கு மண்ணே கண்டிருக்கின்றது.

நம்மிடம் எஞ்சியவை

1888-இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பிளான்போர்டு, 1893 ஜனவரி 23-ஆம் நாள் போக்ஸ்டன் நகரில் காலமானார். தமையன் வில்லியம் 1905 வரை வாழ்ந்து, இந்திய விலங்குகளைப் பற்றிய பெருந்தொகுதிகளைப் பதிப்பித்தார்.

அவர்கள் கண்ட நீலகிரிச் சோலைகளில் பெரும்பகுதி தேயிலைக்கும் யூகலிப்டசுக்கும் சீகைமரத்துக்கும் இடம் தந்துவிட்டது. நத்தைக்குத் தப்பி ஓடும் கால்கள் இல்லை. சோலை அழிந்தால் அதனோடு அதுவும் முடிந்தது. மலேசியாவில் பாஞ்சிங் என்னும் குன்று சுண்ணாம்புக் கல்லுக்காக வெட்டித் தீர்க்கப்பட்டபோது, அந்த ஒரு குன்றில் மட்டுமே வாழ்ந்த, ஒபிஸ்தொஸ்டோமாவின் நெருங்கிய உறவான நத்தையினம் உலகிலிருந்தே மறைந்தது. அரியலூரிலும் சிமெண்டுக்காகப் பாறை வெட்டப்படுகின்றது. நம் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் சிமெண்டு தேவைதான். ஆனால் அக்கல்லின் ஒவ்வொரு பாளமும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர்களின் ஓடு என்பதை அறியாமலேயே அரைத்துத் தீர்த்துவிட்டால், வாசிக்காமலேயே எரித்த நூலகமாகிவிடும். அரியலூரை அடுத்த வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் அமைந்திருப்பது ஆறுதல் தருகின்றது. பெரம்பலூர் அருகே சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பெருமரமும் காக்கப்பட்டு வருகின்றது. நம் பங்கு மக்கள் வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் பயணம் போகும்போது, பிள்ளைகளுக்காக அரைநாள் ஒதுக்கி இவ்விடங்களையும் காட்டலாம்.

இன்னும் எளிய வழியும் உண்டு. ஆடி மாதத்தில் நீலகிரி மழையால் கூடுதுறையில் செந்நீர் பெருகும் நாள்களில், நம் வீட்டுப் பிள்ளை தோட்டத்திலிருந்து ஒரு வெறும் நத்தை ஓட்டை எடுத்து வந்தால் எறியச் சொல்ல வேண்டாம். ஒரு சிறு பெட்டியையும் ஒரு துண்டுத் தாளையும் கொடுப்போம். ஊர், இடம், நாள் ஆகிய மூன்றையும் அந்தத் தாளில் எழுதச் சொல்வோம். பிளான்போர்டும் தம் ஆய்வை அங்கிருந்துதான் தொடங்கினார்.